செருப்பில் இல்லாத கல்

திருத்தணிப் பக்கத்து அம்மையார்குப்பத்தில் என் அத்தை வீட்டுத் தறிக்கொட்டகையில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சு கிடையாது, சைகைதான். போன முறை போயிருந்தபோது, அறுந்த இழையை முடிந்துவிட்டு அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கால் செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். சற்று நேரத்தில் மறுபடியும் அதே. மதியம் கரண்ட் போய்த் தறி நின்ற பிறகுதான் கேட்க முடிந்தது.

“கல்லு பூந்துடுச்சோன்னு பாக்குறேம்மா. கல்லே இல்ல. ஆனா மிதிச்சா கூழாங்கல்ல மிதிச்ச மாதிரியே இருக்குது. சில நேரம் சுருக்குன்னு விரல் நுனி வரைக்கும் ஷாக் அடிக்குது.”

நோயின் பெயர் அத்தைக்குத் தெரியாது. ஆனால் அதன் அடையாளங்கள் அத்தனையும் அந்தப் பேச்சில் இருந்தன. செருப்பைக் கழற்றி விரலிடுக்கைத் தேய்த்தால் கொஞ்சம் தணிவதும் இந்த வலிக்கே உரிய குணம்.

பாதத்தின் முன்பகுதியில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், ஐந்து நீள எலும்புகளின் தலைகள் வரிசையாக இருக்கின்றன. உடம்பின் பாரத்தைத் தாங்கும் சதைமேடு அதுதான். அந்த எலும்புகளுக்கு நடுவே, ஒரு குறுக்குத் தசைநாருக்கு அடியில், விரல்களுக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் தூக்கும்போது அந்த நரம்பு கொஞ்சம் நசுங்குகிறது. வருஷக்கணக்கில் நசுங்கினால் அதைச் சுற்றியுள்ள உறை தடிக்கிறது. தடித்தால் இன்னும் நசுங்குகிறது. மூன்றாம், நான்காம் விரலுக்கு இடையில்தான் இது அதிகம். ஃபிலடெல்ஃபியாவின் அறுவை மருத்துவர் தாமஸ் மார்ட்டன் 1876-இல் இதை விவரித்து எழுதியதால் ‘மார்ட்டன் நியூரோமா’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நியூரோமா’ என்று பார்த்துவிட்டுப் புற்றுநோயோ என்று இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. இது புற்றுநோய் அல்ல, கட்டியும் அல்ல. அழுத்தத்தால் நரம்பின் உறை தடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. முனை குறுகிய, குதி உயர்ந்த செருப்பைத்தான் முதல் குற்றவாளியாகச் சொல்வார்கள். அத்தை வாழ்நாளில் அப்படியொரு செருப்பைப் போட்டதில்லை. அவர் காலுக்குக் கீழே இருப்பது சிமென்ட் தரை. அதன்மேல் தேய்ந்து அப்பளமான ரப்பர் செருப்பு. நாளெல்லாம் நிற்பது. குழித்தறிக் காலத்தில் நெசவாளி உட்கார்ந்திருந்தார். கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மிதித்தன, உடம்பின் பாரம் அவற்றின்மேல் இறங்கவில்லை. விசைத்தறி வந்த பிறகு கைகால் வீச்சு குறைந்தது. ஆனால் ஆள் எழுந்து நிற்கவேண்டியதாகிவிட்டது. இந்த வட்டாரத்து வீடுகளில் காலடி எரிச்சல் என்ற புலம்பல் இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு இப்படி நிற்பதும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

வைத்தியத்துக்குப் போகுமுன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். வலி உள்ளவர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளட்டும். வீட்டில் இன்னொருவர் இரண்டு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒரு நொடி, இரண்டு நொடி மட்டும் மெல்லத் தொடவேண்டும். அழுத்தக்கூடாது, தடவக்கூடாது. தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று சொல்லவேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளுக்காக வகுத்த எளிய சோதனை இது. காசு செலவில்லை.

இதை முன்னால் சொல்வதற்குக் காரணம் உண்டு. நசுங்கிய நரம்பின் வலி பெரும்பாலும் ஒரு காலில், ஓரிடத்தில், மிதிக்கும்போது வரும். இரண்டு பாதங்களும் ஒருசேர எரிந்தால், இரவில் படுத்த பிறகு எரிச்சல் கூடினால், பஞ்சுமேல் நடப்பதுபோல் மதமதவென்று இருந்தால், செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்தால், அது வேறு கதை. சர்க்கரை நோயாக இருக்கலாம். பி12 வைட்டமின் குறைவாக இருக்கலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. குடிப்பழக்கமும் நரம்பைக் கெடுக்கும். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை இருந்து, அந்த இடத்தில் உணர்ச்சியும் இல்லையென்றால் தொழுநோய்க்கும் பார்த்துவிட வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், முழுக் குணமும் உண்டு. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் விரல் போகிறது.

உணர்ச்சி இல்லாத காலின் ஆபத்தை உலகுக்குப் புரியவைத்த வேலையில் பெரும்பகுதி நம் பக்கத்து வேலூரில்தான் நடந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களைப் பார்த்தார். சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் நோயாளி அதே புண்ணின்மேல் நடந்து நடந்து காலை இழக்கிறார் என்று எடுத்துக் காட்டினார். எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு அந்த முயற்சிகளில் பிறந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவதும் அதைத்தான். வலிக்கிற காலுக்குக் காவல் இருக்கிறது. வலிக்காத கால்தான் அநாதை.

நம் வீடுகளில் கால்வலி என்றதும் செங்கல்லைச் சுட்டு, எருக்க இலையைப் போட்டு, அதன்மேல் காலை வைத்து அழுத்துவார்கள். குதிகால் வலிக்கு இதமாக இருந்தது என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளி ஒருவரின் பாதத்தில் இப்படி வைத்த ஒத்தடத்தில் தோல் வழண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். சுட்டது அவருக்குத் தெரியவில்லை. ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். தொடு சோதனையில் தவறியவர்கள் செங்கல், வெந்நீர், மணல் ஒத்தடம், ஐஸ் எதையும் காலில் வைக்கக்கூடாது. முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பும் வேண்டாம். உணர்ச்சி சரியாக இருந்து நரம்பு மட்டும் நசுங்கியவர்களுக்கும் அந்தச் செருப்பு வேண்டாம், அதன் குமிழ் சரியாக அந்த நரம்பின்மேலேயே குத்தும்.

உணர்ச்சி நன்றாக இருந்து, வலி ஓரிடத்தில் மட்டும் இருந்தால் வீட்டிலேயே செய்ய நிறைய இருக்கிறது. எல்லாமே ஒரே நோக்கம் கொண்டவை: நரம்பின்மேல் விழும் பாரத்தைக் குறைப்பது.

செருப்பிலிருந்து தொடங்கலாம். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் ஒரு செய்தித்தாளின்மேல் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். அந்தப் படத்தின்மேல் உங்கள் செருப்பையோ ஷூவையோ வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அது உங்கள் கால் அளவு இல்லை. முன்பக்கம் அகலமாக, அடி தடிமனாக, பின்னால் வார் உள்ளதாகப் பாருங்கள். வார் இல்லாத செருப்பு கழலாமல் இருக்க விரல்கள் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் முன்பாதத்துக்குத்தான் சுமை. அடியை மடித்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளையவேண்டும், அப்பளம்போல் மடியக்கூடாது. வீட்டுக்குள்ளும் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். வாசலில் போடும் செருப்பு அடுப்படிக்குள் வரக்கூடாது என்றால் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மெத்தைத் துண்டு. இதில்தான் பலரும் தவறுகிறார்கள், அத்தையும் தவறினார். வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே பஞ்சை ஒட்டிக்கொண்டார், வலி கூடியது. துண்டு இருக்கவேண்டிய இடம் வலிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக. அங்கிருந்து அது எலும்புகளைத் தூக்கி விரித்துக் கொடுத்தால்தான் நடுவில் மாட்டிய நரம்புக்கு மூச்சு வரும். இடம் கண்டுபிடிக்க ஒரு வழி: அதிகம் வலிக்கும் புள்ளியில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்து வையுங்கள். செருப்பைப் போட்டு ஓர் அடி வையுங்கள். செருப்பில் பதிந்த குங்குமப் பொட்டுக்குப் பின்னால், பொட்டைத் தொடாமல், துண்டை ஒட்டவேண்டும். நீர்த்துளி வடிவத்தில் அரை சென்டிமீட்டர் கனம் போதும். மருந்துக்கடையில் கிடைக்காவிட்டால் செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் மெத்தென்ற ரப்பர் தகட்டில் வெட்டித் தரச் சொல்லுங்கள், ஓரங்களைச் சீவி மழுக்கிக் கொடுப்பார். போட்ட முதல் சில நாள் ஏதோ உறுத்துவதுபோல் இருக்கும். வலி புதிதாகக் கூடினால் விரலகலம் பின்னால் நகர்த்துங்கள்.

கெண்டைக்கால் இறுகியிருந்தால் பாரம் முன்பாதத்துக்குத் தள்ளப்படும். சுவரில் இரு கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். முப்பது நொடி, மூன்று தடவை, காலையிலும் மாலையிலும். முன்பாதத்தில் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பதையும் கோலம் போடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள், ஒரு மணை போதும். மெட்டி இறுகியிருந்தால் தளர்த்திக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். நான்கு நாளில் எறிந்துவிட்டு ‘எல்லாம் செஞ்சு பாத்தாச்சு’ என்று சொல்லக்கூடாது.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். அட்டை இல்லாமல் பொட்டலமாகக் கொடுக்கும் மாத்திரையை வாங்கவே வாங்காதீர்கள். மறுநாளே வலி பறந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்படவேண்டும். மருந்தின் பெயர் போட்ட ரசீது கேட்பது உங்கள் உரிமை. சர்க்கரையை அடியோடு குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டப்படி குற்றம்.

கால் சிவந்து சூடாக வீங்கினால், புண் இருந்தால், கன்றிக் கறுத்தால், மேல்பாதத்தில் எலும்பைத் தொட்டாலே உயிர் போகும் வலி இருந்தால், மூன்று மாத முயற்சியிலும் குறையாவிட்டால், மருத்துவரிடம் போகவேண்டும். முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், தேவைப்பட்டால் திருத்தணி அரசு மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சர்க்கரை அளவை அங்கேயே பார்த்துவிடலாம். வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு, உறுதிசெய்ய மறுபடியும் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. வாசலுக்கு வருகிறவரிடம் காலையும் காட்டுங்கள், பெரும்பாலோர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆலோசனைக்கு 104-க்குப் பேசலாம்.

ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால், என்ன மருந்து, இது எத்தனையாவது ஊசி என்று கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு நன்றாகவே கேட்கும். திரும்பத் திரும்பப் போட்டால் பாதத்தின் கொழுப்பு மெத்தை கரையும், தோல் வெளுக்கும். அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் அந்த நரம்பையே வெட்டி எடுப்பது. அதன்பின் அந்த இரு விரல்களுக்கு நடுவே நிரந்தரமாக மரத்துப்போகும், சிலருக்கு வெட்டிய முனையில் வலி திரும்பியும் வரும். இதை முன்கூட்டியே சொல்லித்தான் சம்மதம் வாங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குமுறை விதி. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழிகாட்டலுக்கு 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

இனி, நிற்பது. நம் பிள்ளைகள் பலர் துணிக்கடைகளில் பத்து மணி நேரம் நிற்கிறார்கள். தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்றது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது முதலாளி காட்டும் கருணை அல்ல, சட்டம். நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆவது பிரிவிலேயே இருந்தது. 2020-இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை இருக்கிறது. மறுத்தால் தொழிலாளர் துறைக்கு எழுதலாம், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆனால் வீட்டுக் கொட்டகையில் இரண்டு தறி, நான்கு தறி ஓட்டுகிறவர்களின் வாசலுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் வந்து நிற்பதில்லை. அங்கே முதலாளியும் கூலியும் ஒரே ஆள். இது எனக்கு மிகவும் வலிக்கிற இடம். அத்தை வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: தறிகளுக்கு நடுவே தடித்த ரப்பர் விரிப்பு, இழையைப் பார்த்தபடியே உட்காரும் உயரத்தில் ஒரு ஸ்டூல், ஊடைநூல் தார் தீர்ந்து மாற்றும் ஒவ்வொரு முறையும் பாரத்தை மறுகாலுக்கு மாற்றுவது.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. திருத்தணியின் 365 படிகளையும் டிசம்பர் 31 இரவில் வெறுங்காலோடு ஏறுகிறவர்கள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமக்கிறவர்கள் நம் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். வேண்டுதலை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. முன்பாதத்தை மட்டும் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் படியில் வைத்து ஏறுங்கள். மண்டபம் வந்தால் உட்காருங்கள். தொடு சோதனையில் தவறியவர்கள் உச்சி வெயிலில் சுடும் கல்லில் வெறுங்கால் வைக்கவேண்டாம், மேலே வரை வண்டிப் பாதை இருக்கிறது. இறங்கி வந்ததும் இரண்டு உள்ளங்கால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பார்க்கலாம்.