அடுப்படிக்கு வந்த புது விருந்தாளிகள்

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பெட்டியோடு தூங்கும் சமையல் சாமான் ஏதாவது இருக்கிறதா? ஒரு நிமிடம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்தாயிற்றா? எங்கள் வீட்டில் மூன்று இருந்தன. மூன்றையும் ஆசைப்பட்டு வாங்கியவள் நான்தான். தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுப்பவள், பட்டணத்துக் கடையில் பளபளப்பைக் கண்டதும் கணக்கை மறந்துவிட்டேன். ‘நம் வீட்டில் சமையலறை இல்லை, சோதனைச்சாலைதான் இருக்கிறது’ என்று என் கணவர் கேலி செய்வதில் நியாயம் உண்டு.

அந்தச் சோதனைகளில் நான் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். அதைவிட முக்கியமாக, அவற்றால் எங்கள் வீட்டில் ஒருவர் மனம் எப்படி நொந்தது, பிறகு எப்படித் தேறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

கல்லு கத்தாதும்மா

என் கணவரின் தாயாருக்கு 72 வயது. நான் அவரை அத்தை என்றே அழைப்பேன். எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கு முன் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, அம்மியில் மிளகாய் அரைத்து, விறகடுப்பில் சோறு பொங்கி, கைப்பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடியவர். அந்தக் காலத்து உழைப்பு இன்று அவருடைய மணிக்கட்டிலும் முழங்காலிலும் வலியாகத் தங்கிவிட்டது.

அவருக்கு ஓய்வு கொடுக்கத்தான் முதலில் மிக்சி வாங்கினேன். அது போட்ட சத்தத்தில் அத்தை காதைப் பொத்திக்கொண்டார். “கல்லு கத்தாதும்மா. இது என்ன இப்படிக் கத்துது?” என்றார். சிரித்துக்கொண்டோம். பிறகு மின்சார மாவரைக்கும் கல் வந்தது. அப்போது அவர் சிரிக்கவில்லை. அடுத்த சில நாட்கள் அடுப்படிப் பக்கமே வரவில்லை. ஐந்தடியில் நின்று, “இனிமே எனக்கு இங்க என்னம்மா வேலை?” என்று கேட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உழைப்பைக் குறைக்கப் போய், அவருடைய இடத்தையே பறித்துவிட்டேனோ என்று மனம் குத்தியது.

பருப்பு கூரைக்குப் போன கதை

என் அறியாமையால் வந்த ஒரு விபரீதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரஷர் குக்கரில் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்தேன். விருந்தாளிகள் வருகிறார்களே என்று பாத்திரத்தின் கழுத்து வரை பருப்பும் தண்ணீரும் நிரப்பினேன். விசில் வரவில்லை. கிட்டே போய்க் குனிந்து பார்க்கலாம் என்று இரண்டடி வைத்தேன். வாசலில் இருந்த அத்தை, “கிட்டப் போகாத ஆயி! கேஸ மூடு!” என்று கத்தினார். கேஸ் தோம்பு கதவோரம் இருந்தது நல்லதாயிற்று. மூடிவிட்டு நகர்ந்த மறு நொடி, மூடியிலுள்ள பாதுகாப்புக் குமிழ் பிய்த்துக்கொண்டு பறந்தது. பருப்பு முழுவதும் கூரையில்! எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆனால் கைகால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன்.

குக்கர் மேல் பழி இல்லை. அந்தக் குமிழ் தன் கடமையைச் செய்தது. தவறு என்னுடையது. ஏன் என்று பார்ப்போம்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. மூடியை இறுக்கி ஆவியை அடைத்தால் அழுத்தம் கூடும். அப்போது தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். அதனால்தான் கடலையும் இறைச்சியும் அதில் சீக்கிரம் வேகின்றன. 1679-ஆம் ஆண்டிலேயே டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் லண்டனில் இப்படிப்பட்ட பாத்திரத்தைச் செய்து காட்டினார். எலும்பையும் மிருதுவாக்கும் பாத்திரம் அது. அளவு மீறிய ஆவி வெளியேற ஒரு வழி வேண்டும் என்று கண்டு, பாதுகாப்பு வால்வை அமைத்தவரும் அவரே.

பருப்பு வேகும்போது நுரை பொங்கும். பாத்திரம் நிறைந்திருந்தால் நுரையும் தோலும் மேலேறி விசில் துவாரத்தை அடைத்துவிடும். ஆவிக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். ஆகவே சாதாரணச் சமையலுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பு, கடலை வகைக்குப் பாதிக்கு மேல் போகவே கூடாது. ஒவ்வொரு முறையும் துவாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வழி தெரிகிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் கெட்டியாகிவிட்டாலோ வெடிப்பு விட்டாலோ உடனே மாற்றுங்கள். அழுத்தம் தானாக இறங்கும் முன் மூடியை நெம்பித் திறக்கவே வேண்டாம்.

சோற்றுப்பானையின் பின்னே ஒரு குடும்பத்தலைவி

இன்று நம் வீடுகளில் சோறு பொங்கும் மின்சாரப் பானை இல்லாத வீடு அரிது. அதன் வரலாற்றில் ஒரு பெண் இருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜப்பானில் தோக்கியோ நகரில் யோஷிதாடா மினாமி என்பவர் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். தோஷிபா நிறுவனத்துக்காக, தானாக நின்றுவிடும் சோற்றுப்பானை ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆனால் நல்ல சோறு எப்படி வேகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் அவருடைய மனைவி ஃபூமிகோ. அவர் நாள்தோறும் சோறு பொங்கிப் பொங்கி, சூட்டையும் நேரத்தையும் குறித்து வைத்தார். கொதி வந்த பின் சுமார் 20 நிமிடம் அந்தச் சூடு நிலைத்தால் சோறு பதமாக இருக்கும் என்பது அந்தச் சோதனைகளில் தெளிவாயிற்று. வெளிப்பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, அது 20 நிமிடத்தில் வற்றியதும் சூடு ஏறி மின்சாரம் தானாக நிற்கும்படி செய்தார்கள். 1955-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பானை விற்பனைக்கு வந்தது.

இப்போதைய சாதாரணப் பானையில் வெளித்தண்ணீர் கிடையாது. அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. பானைக்குள் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி உறிஞ்சியதும் சூடு சட்டென்று ஏறும். சுமார் 103 டிகிரியில் அந்தக் காந்தம் தன் ஈர்ப்பை இழக்கும், சுருள் தள்ளிவிடும், ‘டக்’ என்று ஓசை கேட்கும். இதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் மறுநாள் வீட்டில் பானைக்கு முன் காத்துக் கிடந்தார்களாம்!

ஆகவே உள்பானையின் அடியைத் துடைத்து வையுங்கள். தட்டின் மேல் ஒரு பருக்கை சிக்கினாலும் சூட்டின் கணக்கு தப்பும். ‘டக்’ என்றதும் திறக்காமல் பத்து நிமிடம் புழுங்க விடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மிச்சச் சோற்றை இரவெல்லாம் பானையிலேயே விட்டுவிடுவது ஆபத்து. வெதுவெதுப்பில் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுநாள் பிரட்டிச் சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது.

எந்தக் கோப்பை?

சமையல் புத்தகங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? தீபாவளிக்கு முன் புத்தகத்தைப் பார்த்துக் கேக் செய்தேன். ‘மாவு இரண்டு கோப்பை’ என்றிருந்தது. கையில் கிடைத்த சோற்றுப்பானைக் கோப்பையால் அளந்தேன். கேக் குழைந்து கூழாகிவிட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டார்.

காரணம் இதுதான். சோற்றுப்பானையோடு வரும் கோப்பை 180 மில்லிலிட்டர். அது ஜப்பானிய அரிசி அளவு. ஆஸ்திரேலியப் புத்தகத்தில் வரும் கோப்பை 250 மில்லிலிட்டர். அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 240. மேசைக்கரண்டி நமக்கு 15 மில்லிலிட்டர் என்றால் ஆஸ்திரேலியர்களுக்கு 20. பழைய புத்தகங்களில் கட்டி, தயில் வரும். ஒரு கட்டிக்கு 16 தயில், அது ஏறத்தாழ 605 கிராம். தமிழகத்தில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ புகழ்பெற்ற நூல். புதிதாகக் குடித்தனம் செய்யும் பெண்ணுக்கும் புரியும்படி எழுதியிருக்கிறார். அதன் பழைய பதிப்பில் ஆழாக்கும் பலமும்தான் இருக்கும். நம் லயத்து வீடுகளிலோ பால் டின்தான் படி! எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் அளவுப் பக்கத்தைப் படியுங்கள்.

கூடையில் ஒழுகிய வடை

சூடான காற்றைச் சுழற்றிப் பொரிக்கும் ஏர் ஃபிரையர் 2010-க்குப் பிறகு பரவியது. அதில் மாயம் ஒன்றும் இல்லை. சின்ன அடுப்புக்குள் ஒரு காற்றாடி, அவ்வளவுதான். நான் உளுந்து வடை தட்டிப் போட்டேன். மாவு கம்பிக்கூடை வழியாக ஒழுகி அடியில் தோசையாயிற்று. கெட்டியாக அரைத்த பருப்பு வடையில் எண்ணெய் தடவி வைத்தேன். மொறுமொறுப்பாக வந்தது. உண்மையைச் சொன்னால், எண்ணெய்ச்சட்டி வடையின் ருசி அதில் இல்லை. ஆனால் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்த வீட்டில் அது ஒரு துணை. ஈர மாவுக்கு உதவாது. நெத்திலி, கோழி, கிழங்குக்கு உதவும்.

அத்தை திரும்பி வந்தார்

மாவரைக்கும் கல்லுக்கு வருகிறேன். முதல் வாரம் இட்டிலி தட்டையாக, கல்லாக வந்தது. இயந்திரம் புதிது, உளுந்து புதிது. பிறகு என்ன குறை? மூன்றாம் நாள் என் கணவர் பொறுக்க முடியாமல், “அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க” என்று கூப்பிட்டுவிட்டார்.

அத்தை வந்தார். ஓடும் கல்லை நிறுத்தச் சொன்னார். ஒரு விரலால் மாவைத் தொட்டார். “தண்ணிய ஒரேடியா ஊத்திட்ட. தெளிச்சுத் தெளிச்சு விடணும்” என்றார். மறுநாள் அவரே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்த நீர் தெளிக்க வைத்தார். அரைத்த உளுந்தில் ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். அது மிதந்தது. “இதான் பதம்” என்றார். கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடேறாமல் காற்றைப் பிடித்துக்கொள்கிறது. மிக்சியில் மாவு சூடாவதால் அந்தப் பொங்கல் குறையும். எனக்குத் தெரிந்த அறிவியல் இது. ஆனால் அந்தத் துளி மிதக்கும் கணக்கு எந்த விளக்கக் குறிப்பிலும் இல்லை.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. கையின் பாரத்தைத்தான் இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. பதம் பார்க்கும் வேலையை அது வாங்கிக்கொள்ளவில்லை. ஃபூமிகோ அம்மையார் குறித்து வைக்காமல் அந்தச் சோற்றுப்பானை ஏது? என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரே!

படிக்கத் தெரியாத அத்தையின் கைப்பக்குவத்தை இப்போது என் மகள் எழுதுகிறாள். அத்தை ‘ஒரு பிடி’ என்று எடுத்ததும், அதைத் தராசில் வைத்து நிறுத்துக் குறிக்கிறாள். வேறு வேறு நாளில் நிறுத்தும், அந்தப் பிடி ஏறக்குறைய மாறவே இல்லை! மீன் குழம்பு, நண்டு ரசம், பிளாச்சான் போட்ட சம்பல் என்று பள்ளி நோட்டுப் புத்தகத்தில் இதுவரை 31 பக்கம் ஆகிவிட்டது. “பாட்டி, உப்பு எவ்வளவு?” என்று கேட்டால், “எழுதிக்கம்மா, மொதல்ல கையக் கழுவு” என்று அதட்டல் வருகிறது.

சகோதரிகளே, புதுச் சாமான் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குமுன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் பயன்படும்? தவணையைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் எத்தனை வெள்ளி? பழுதானால் உதிரிச் சாமான் இங்கே கிடைக்குமா? மின்சாரச் சாமானில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழகத்திலிருந்து பெட்டியில் கொண்டுவந்த சாமானின் பிளக் நம் சுவருக்குப் பொருந்தாது. கம்பியைச் செருகி ஓட்டிவிடாமல் தகுந்த பிளக்கை மாட்டுங்கள்.

எங்கள் மேல்தட்டில் தூங்கிய மூன்றில் இரண்டைக் கொடுத்துவிட்டோம். அம்மியை மட்டும் கொடுக்கவில்லை. வாரம் ஒருமுறை சம்பலுக்கு அத்தை மகளை அதில் உட்கார வைக்கிறார். மகள் முணுமுணுத்துக்கொண்டே அரைக்கிறாள். அத்தை பக்கத்தில் இருந்து, “இன்னும் ரெண்டு இழுப்பு” என்கிறார்.

உங்கள் வீட்டிலும் பதம் தெரிந்த ஒரு கை இருக்கும். இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்.