உமணரின் மலைச்செலவு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரமாகச் செல்லும் பெருஞ்சாலையில், விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரை அணுகும்போதே நிலம் பல்லாயிரம் கண்ணாடித் துண்டுகளாக வெட்டப்பட்டதுபோல் வெயிலில் பளபளக்கும். அவை உப்பளத்தின் பாத்திகள். தை மாதத்தில் பாத்தி திருத்தத் தொடங்கும் உப்பளத் தொழிலாளர், வடகிழக்குப் பருவமழை வரும்வரை ஓய்வறியார். உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டவிட்டு, பிறகு சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சுவர். உப்பு பூத்தவுடன் அதனை வாரிவிடுதல் வேண்டும். எஞ்சிய நீரை நெடுநேரம் நிற்கவிட்டால் கசப்பு உப்புகளும் உடன் படிந்து சுவையைக் கெடுத்துவிடும்.

இங்ஙனம் கடற்கரையிலே உப்பு குன்றுகுன்றாகக் குவிகின்றது. தமிழ்நாட்டின் மலைகளிலோ ஒரு பிடி உப்பும் விளைவதில்லை. அங்கே தேன் உண்டு, தினை உண்டு, கிழங்கும் கனியும் உண்டு. ஆயின், உப்பின்றி உடல் இயங்காது. ஊனை மிகுதியாக உண்பவர்க்கு அதிலிருந்தே ஓரளவு உப்பு கிடைக்கும்; தினையும் சாமையும் உண்பவர் அதனைத் தனியே சேர்த்தல் வேண்டும். ஆடுமாடுகளுக்கும் உப்பு தேவை. ஆதலால் கடலின் விளைவு மலையேற வேண்டியிருந்தது. ஏற்றியவர் யாவர்?

பண்டைத் தமிழர் அவர்களை உமணர் என்று அழைத்தனர். உமணர் உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்களுடன் கூட்டமாக நெடுந்தொலைவு சென்று விற்றுவந்த வணிகர். அவர்தம் கூட்டத்திற்கு உமணச் சாத்து என்று பெயர். வரிசையாகச் செல்லும் அவர்தம் வண்டிகளுக்கு ஒழுகை என்று பெயர். அவர்கள் சென்ற பயணமோ செலவு எனப்பட்டது. இக்காலத்தில் செலவு என்றால் பணம் கைவிட்டுப் போவதே நினைவுக்கு வரும். ஆயினும் ‘செல்லுதல்’ என்பதே அச்சொல்லின் பழம்பொருள்.

மரக்காணம் இக்கதைக்குப் புறம்பான ஊரன்று. சிறுபாணாற்றுப்படை என்னும் பழம்பாட்டு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கடற்கரைப் பட்டினமாக எயிற்பட்டினத்தைக் கூறுகின்றது. அப்பட்டினம் மரக்காணத்தை ஒட்டி இருந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அவனுடைய கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. அப்பாட்டில் வரும் வேலூர், மரக்காணத்திற்கு அருகேயுள்ள உப்புவேலூரே என்று கருதுவாரும் உளர். அவ்வூர்ப் பெயரிலேயே உப்பு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்க! இக்கடற்கரையிலிருந்து மேற்கே சென்றால் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை ஆகியவற்றைக் கடந்து செங்கத்தை அடையலாம். அங்கே சவ்வாது மலைக்கும் தென்மலைக்கும் இடையே ஒரு கணவாய் உள்ளது. அதனைக் கடந்தால் பழைய தகடூராகிய தருமபுரி நாடு. கடலையும் மலைநாட்டையும் இணைக்க இயற்கை அமைத்த வழி அது.

உமணரின் வண்டி எப்படி இருந்தது? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அதனை நேரில் கண்டாற்போல் விளக்குகின்றது. வண்டியின் மேல் வேயப்பட்ட கூரை. அதிலே கோழிகள் அடையும் கூடு. பெண்யானையின் முழந்தாளைப் போன்ற சிறிய உரல் ஒன்று தொங்குகின்றது. வண்டியின் முகப்பிலே காடி வைத்த பானையைக் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கின்றனர். குழந்தையை உடைய தாய் ஒருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். வேப்பந்தழை மாலை சூடிய வலிய ஆடவர், வண்டி வரிசையின் பக்கத்தே காவலாக நடந்து வருகின்றனர். பின்னால் விட்டுவந்த வீடு என்று ஒன்று அவர்களுக்கு இருந்ததாகவே தோன்றவில்லை. உரல் முதல் கோழி வரை வீடு முழுவதும் உருளைமேல் ஏறியிருந்தது.

மணலில் உருளைகள் அழுந்தும்போது எழும் ஓசை கேட்டு வயலிலுள்ள நாரைகள் வெருவும் என்று நற்றிணைப் பாட்டு ஒன்று கூறும். மணலைத் தாண்டினால் மேடு. மேட்டைத் தாண்டினால் பாறை. கழியின் உப்பை மலைநாட்டிற்குக் கொண்டு செல்லும் வண்டி பள்ளத்தில் ஆழ்ந்தபோது, அதனை இழுத்து மீட்கும் வலிய எருதைச் சோழமன்னன் ஒருவனுக்கு உவமை ஆக்கினார் புறநானூற்றுப் புலவர். ஔவையார் கூறும் உவமை இன்னும் நயமுடையது. எருதுகளோ இளையவை, சுமையோ பெரிது, வழியில் மேடு வருமோ, பள்ளம் வருமோ, யார் அறிவார்? இவ்வாறு எண்ணிய உமணர், வண்டியின் அடியிலே மற்றோர் அச்சைச் சேமமாகக் கட்டிச் சென்றனர். அதியமானின் மகன் பொகுட்டெழினி, தன் நாட்டிற்கு அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது அவர் கருத்து. அதியமான் தகடூரின் தலைவன். உப்பு வண்டிகள் மலை ஏறுவதைக் கண்டறிந்த நாட்டிலே பிறந்த உவமை அது. இன்றைய லாரியின் அடியில் உதிரிச் சக்கரம் தொங்குவதைக் காண்பவர், அவ்வழக்கம் எத்துணைப் பழையது என்பதை உணரலாம்.

பகல் முழுதும் நடந்த எருதுகளுக்கு இளைப்பாற்றல் வேண்டும். நீரும் புல்லும் உள்ள இடத்திலே நுகத்தை இறக்கி, எருதுகளை மேயவிட்டு, கல் கூட்டி அடுப்பு அமைத்து, உமணர் பாடி இறங்குவர். நேற்றுவரை ஆளில்லாத காட்டிலே அன்றிரவு ஓர் ஊர் தோன்றும். உரலில் இடிக்கும் ஓசை, குழந்தைகளின் விளையாட்டு, எருதின் மணி, தீயின் ஒளி ஆகிய எல்லாம் அங்கு உண்டு. விடிந்ததும் அவ்வூர் எழுந்து போய்விடும். உமணர் தங்கிச் சென்ற காடு, குடிகள் நீங்கிப் பாழான ஊர்போல் வெறிச்சென்று தோன்றும் என்கின்றது குறுந்தொகை. அவர்கள் விட்டுச்சென்ற கல்லடுப்பில் வில்லேந்திய ஆடவர் பின்னர் வந்து ஊன் சமைத்தனர் என்கின்றது அகநானூறு.

அந்த வில்லாடவரே உமணர் கூட்டமாகச் சென்றதற்குக் காரணங்களுள் ஒன்று எனலாம். பாலைவழியில் வழிப்பறி மிகுதி. தனிவண்டி தப்பாது, ஐம்பது வண்டிகளை நெருங்கக் கள்வரும் அஞ்சுவர். ஒரு வண்டி சேற்றில் அழுந்தினால் பிறர் எருதுகளையும் பூட்டி இழுக்கலாம். ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் அவனுடைய சுமையைப் பிறர் பகிரலாம். ஆனால் இந்த நட்புக்கும் ஓர் எல்லை இருந்தது. நடக்கமாட்டாத முடமான எருதை ஆளில்லாத இடத்திலே விட்டுவிட்டு உமணர் சென்றனர் என்று புறநானூற்றுப் பாட்டு ஒன்று கூறுகின்றது. நீர் அருகிய வழியில் ஓர் எருதுக்காகக் கூட்டம் முழுவதும் நிற்க இயலாது. கொடுமைதான், ஆயினும் அவ்வழி அத்தகையது.

உமணர் பாடியிலே விலங்குகளும் தோழமை கொண்டிருந்தன. அவர்தம் வண்டியோடு கொற்கைக் கடற்கரைக்கு வந்த குரங்கு ஒன்று, அவர்களுடைய பிள்ளைகளில் ஒன்றுபோலவே வளர்ந்தது. கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டு, அச்சிறுவரோடு கிலுகிலுப்பை ஆடிற்று என்று சிறுபாணாற்றுப்படை கூறும். நாயோ இப்பாட்டுகளில் வழியின் மறுமுனையில் காணப்படுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் நாய் உடும்பைப் பிடித்துத் தருகின்றது. அம்மூவனார் பாடிய அகநானூற்றுப் பாட்டில், உமணர் மகள் ஒருத்தி நெல்லுக்கு ஈடாக உப்பு என்று தெருவிலே கூவிச் செல்கின்றாள். தன் வீட்டாரின் குரலை நன்கு அறிந்த நாய், இக்குரல் புதிது என்று குரைக்கின்றது. அவள் வெருண்டு நிற்கின்றாள். விற்பவளுக்கு இது தொல்லை. ஆனால், அயலாரைக் குரலாலேயே பிரித்தறியும் இவ்விலங்கு உடன்வந்தால் இரவுக் காவலுக்கு வேறு ஆள் தேடவேண்டுவதில்லை.

பிற்காலத்து உப்புவணிகர் நாயைத் தம் கூட்டத்திலே சேர்த்துக்கொண்டனர். இந்தியா முழுதும் எருதுகளின்மேல் பொதி ஏற்றித் திரிந்த பஞ்சாரா மக்கள் அவருள் தலையாயவர். தமிழ்நாட்டில் இவர்களை இலம்பாடியர் என்பர். பதினேழாம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வணிகர் தவர்னியே, இவர்களில் நான்கு பிரிவினரைக் கூறி, அவற்றுள் ஒன்று உப்பையே சுமப்பது என்று எழுதியுள்ளார். பல்லாயிரம் எருதுகள் எதிர்ப்பட்டால் அவை கடந்து முடிய இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேரும் என்பதும் அவர் கூற்று. 1791ஆம் ஆண்டு திப்புசுல்தானை எதிர்த்துச் சென்ற கார்ன்வாலிசின் படைக்குத் தானியம் கொணர்ந்தவரும் இவர்களே. இவர்தம் பாடிக்குத் தாண்டா என்று பெயர். இரவில் பொதிகளை இறக்கி அரண்போல் அடுக்குவர், எருதுகளை ஒருங்கே கட்டுவர், தீ மூட்டுவர், புறத்தே நாய்கள் காவல் கிடக்கும். மனிதர் கண்ணயர்ந்த பின்னும் நாயின் செவி அயராது. காட்டிலிருந்து வேங்கை வந்தாலும், ஊரிலிருந்து திருடன் வந்தாலும் முதலில் அறிவது அதுவே.

இமயமலையில் இதே வாழ்க்கை வேறு வடிவில் நிகழ்ந்தது. கடலே இல்லாத திபெத்தில் உவர் ஏரிகளிலிருந்து உப்பு கிடைக்கும். போட்டியா மக்கள் தென்புறத்துத் தானியத்தைக் கணவாய்கள் வழியே கொண்டுசென்று, அந்த உப்பை மாற்றிவந்தனர். அங்கே வண்டி செல்லாது. பல இடங்களில் எருதும் செல்லாது. ஆகையால் வெள்ளாடும் செம்மறியும் சுமை தூக்கின! ஓர் ஆடு ஏறத்தாழப் பத்துக் கிலோ உப்பைச் சிறு பைகளில் சுமக்கும். ஆட்டுக்கூட்டம் செல்லும் வழியில் சிறுத்தை சும்மா இருக்குமா? அதற்காகவே சடைமயிர் அடர்ந்த பெருநாய்களை வளர்த்தனர். சிறுத்தை கழுத்தைக் கவ்வுமாதலால், அந்நாய்களுக்கு முட்கள் நிறைந்த இரும்புப் பட்டையை அணிவித்தனர். 1962ஆம் ஆண்டுப் போரின்போது அக்கணவாய்கள் அடைபட, அவ்வணிகமும் நின்றுபோயிற்று.

தமிழ்நாட்டில் அது நின்றதற்குப் போர் காரணமன்று. உமணர் செய்த தொழிலைப் பின்னாளில் இங்குச் செய்தவருள் உப்புக்குறவர் ஒரு பிரிவினர். கடற்கரை உப்பை எருதின்மீதும் கழுதைமீதும் ஏற்றி, ஊர்ஊராகப் பாடி இறங்கித் தானியத்திற்கு மாற்றி வாழ்ந்தனர். 1805ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உப்பை ஆங்கிலக் கும்பினியார் தம் தனியுரிமை ஆக்கினர், விலை ஏறிற்று. 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை இருப்புப்பாதை ஓடலாயிற்று. பிறகு அது கிளைவிட்டுப் படர்ந்தது. மரக்காணத்தில் முடிவடையும் பக்கிங்காம் கால்வாயிலோ தோணிகள் உப்பைச் சென்னைக்குக் கொண்டுசென்றன. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடக்கும் பொதிமாடு புகைவண்டியோடு எங்ஙனம் போட்டியிடும்? தொழில் நலிந்தது. தொழில் இழந்த பின்னும் அவர்கள் கூட்டமாக அலைந்தனர். பிழைப்புத் தேடி அலைந்தனர்.

அந்த அலைச்சலே அவர்களுக்குப் பழியாயிற்று. நிலையான வீடில்லாமல் திரிபவன் திருடனாகவே இருப்பான் என்று ஆட்சியாளர் எண்ணினர். இது பெரும்பிழை. 1871ஆம் ஆண்டு வட இந்தியாவிற்கென இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குறவருள் பல பிரிவினர் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஒரு குற்றமும் செய்யாதவரும் கைரேகை பதிக்கவேண்டும். குறித்த நேரத்தில் காவலரிடம் தோன்றவேண்டும். இசைவுச்சீட்டின்றி ஊர்விட்டு ஊர் செல்லலாகாது. மலைக்கும் கடலுக்கும் இடையே வழியையே வீடாகக் கொண்ட மக்கள், ஓர் இரவு வேறிடத்தில் தங்குவதற்கும் அஞ்சும் நிலை வந்தது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டும், நாடு முழுதும் 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளும் அச்சட்டம் ஒழிந்தது. அதனால் கட்டுண்டிருந்த மக்கள் இப்பொழுது சீர்மரபினர் எனப்படுகின்றனர்.

சட்டம் நீங்கிற்றேயன்றிப் பழைய தொழில் திரும்பவில்லை. இலம்பாடியரும் நிலைத்த ஊர்களில் குடியேறினர். தாண்டா என்னும் பெயர் மட்டும் அவ்வூர்களுக்கு நின்றுவிட்டது. மரக்காணத்தில் மாலையில் லாரியேறும் உப்பு, விடியுமுன்னே செங்கம் கணவாயைக் கடந்துவிடக்கூடும். வழியில் கல் கூட்டி அடுப்பு மூட்டவேண்டிய தேவை ஓட்டுநருக்கு இல்லை. திருவண்ணாமலைச் சாலையின் தேநீர்க்கடை ஒன்றில் சிறிது நேரம் நிற்பார்; கடைநாய் எழுந்து ஒருமுறை குரைத்துவிட்டு, மீண்டும் படுத்துக்கொள்ளும்.