லோரியில் ஏறி, கூடாரத்தில் தூங்கி: ஆப்பிரிக்காவின் தென்கோடியில் மூன்று வாரம்



எனக்கு முன் பேசிய நண்பர் விடுமுறை என்றால் ஓய்வு என்றார். நான் சொல்ல வந்த பயணத்தில் ஓய்வு மிகவும் குறைவு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கூடாரத்தைப் பிரித்துச் சுருட்டி, தட்டுக் கழுவி, லோரியில் ஏறி எட்டு மணி நேரம் உட்கார வேண்டும். இதற்குப் பணமும் கொடுக்க வேண்டும். "காசு கொடுத்து வேலை பார்க்கப் போறீங்களா?" என்று என் மனைவியின் தங்கை கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இருந்தாலும் போனோம். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நானும், என் மனைவியும், எங்களுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரிய நண்பரும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் புறப்பட்டு, நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா நீர்வீழ்ச்சி வரை தரைவழியாகச் சென்றோம். சுமார் 20 நாள், 5,000 கிலோமீட்டருக்கும் மேல். அண்மையில் பலர், குறிப்பாகப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், இதைப் பற்றிக் கேட்கிறார்கள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி சிங்கம் கடிக்காதா என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த வாகனம். வெளியிலிருந்து பார்த்தால் பேருந்து மாதிரி இருக்கும். அடிப்பாகம் லோரி. மேலே இருபது முப்பது இருக்கைகள், பெரிய சன்னல்கள். பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்தால் ஒன்றில் அடுப்பு, ஒன்றில் பாத்திரங்கள், ஒன்றில் மடக்கு நாற்காலிகள், இன்னொன்றில் கூடாரங்கள். தண்ணீர்த் தொட்டியும் உண்டு. 1960, 70களில் பிரிட்டிஷ் இளைஞர்கள் பழைய இராணுவ லோரிகளை வாங்கி, இலண்டனிலிருந்து ஆப்பிரிக்காவின் குறுக்கே மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். இன்று நாம் போகும் மூன்று வாரப் பயணம் அதன் பேரப்பிள்ளை. 1994இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகுதான் இந்தத் தென்பகுதிப் பாதை பெரிதாக வளர்ந்தது.

பணியாளர்கள் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேர்தான். ஓட்டுநர், வழிகாட்டி, சில நேரங்களில் தனியாகச் சமையல்காரர். மற்ற வேலைகளுக்கு நாம்தான் ஆள். பட்டியல் போட்டு ஒட்டிவிடுவார்கள்: இன்று நீ காய் நறுக்கு, நாளை லோரியைப் பெருக்கு, மறுநாள் பாத்திரம் கழுவு. கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக்கூடாது. கையில் பிடித்துக் காற்றில் விசிறி உலர்த்த வேண்டும். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அந்த ஒரே துணியால் லோரி முழுவதும் பரவிவிடும், அதனால்தான். மாலை நேரத்தில் இருபது பேர் வட்டமாக நின்று தட்டை ஆட்டும் காட்சி, யாராவது தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சடங்கு என்று நினைப்பார்கள்.

எங்கள் சமையல்காரர் கேப் பகுதியைச் சேர்ந்த கோசா இனத்தவர். வயதில் மூத்த பெண்ணை மரியாதையாக 'மாமா' என்றும், ஆணைத் 'தாத்தா' என்றும் அழைப்பது அவர்கள் வழக்கம். அவர்கள் மொழியில் தாத்தா என்றால் அப்பா. என் மனைவியை மூன்று வாரமும் 'மாமா' என்று கூப்பிட்டார். எனக்கு நரைத்த தலை என்பதால் கோபப்படவும் வழியில்லை.

சைவம் சாப்பிடுவோர் முன்கூட்டியே எழுத்து மூலம் சொல்லிவிட வேண்டும். இரவில் பெரும்பாலும் கரி அடுப்பில் சுட்ட இறைச்சி, கூடவே சோளமாவுக் களி. சைவருக்குப் பூசணி, பீன்ஸ், உருளைக்கிழங்கு கிடைக்கும். பட்டினி இல்லை, ஆனால் காரமும் இல்லை. ஊறுகாய் போத்தல் ஒன்றும் சம்பல் தூளும் கொண்டு போனோம். நான்காம் நாள் ஜெர்மன்காரப் பையன் ஒருவன் எங்கள் ஊறுகாயைத் தேடி வர ஆரம்பித்தான்.

பாதையில் நமீபியாதான் மிக நீளம். மலேசியாவைப் போல் இரண்டரை மடங்கு பரப்பு, சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் சதுர கிலோமீட்டர். 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 30 லட்சம் அளவுதான். தார் இல்லாத சரளைக்கல் சாலையில் ஒரு மணி நேரம் போனாலும் எதிரே வாகனம் வராது. தெற்கில் பிஷ் ரிவர் பள்ளத்தாக்கு இருக்கிறது, 160 கிலோமீட்டர் நீளம். விளிம்பில் நின்றால் ஆறு கீழே நூல் போலத் தெரியும். அடுத்து நமீப் பாலைவனம். நுழைவாயிலில் இருந்து 45ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் ஒரு மணல்மேட்டுக்கு '45ஆம் எண் மேடு' என்றே பெயர். சூரியன் எழுமுன் அதன் முதுகில் ஏற வேண்டும். இரண்டடி வைத்தால் ஓரடி கீழே சறுக்கும். என் மனைவி பாதியில் உட்கார்ந்துவிட்டார். "இங்கிருந்தும் அதே சூரியன்தான் தெரியும்" என்றார். அதுவும் உண்மைதான்.

அருகிலேயே டெட்வ்லே என்ற வெண்களிமண் தரை. அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போன மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. ஆற்று நீர் அந்தப் பக்கம் வராதபடி மணல் அடைத்துக்கொண்டது. மரம் செத்தது. மக்கிப்போக ஈரம் வேண்டும், அங்கே ஈரம் இல்லை. அதனால் கரிய எலும்புக்கூடுகளாக அப்படியே நிற்கின்றன.

பாலைவனம் முடிந்து கடலோரத்தில் ஸ்வகோப்முண்ட் என்ற சிற்றூர். 1892இல் ஜெர்மானியர் அமைத்தது. குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் காலையில் பனிமூட்டம், தெருவெல்லாம் ஜெர்மன் பாணிக் கட்டடம், கடைகளில் கேக். லோரிப் பயணிகள் இங்கே நல்ல கட்டிலில் படுத்து, துணி துவைத்துக்கொள்வார்கள். ஊரின் ஓரத்து இடுகாட்டில் பெயர்ப்பலகை இல்லாத சிறு மண்மேடுகள் வரிசையாக இருப்பதைப் பலர் பார்ப்பதில்லை. 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படைகள் ஹெரேரோ, நாமா இன மக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றன. எஞ்சியவர்களை முகாம்களில் அடைத்துச் சாகும்வரை வேலை வாங்கின. அது இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021இல்தான். எங்கள் வழிகாட்டி இதைப் பற்றித் தானாகப் பேசவில்லை. நண்பர் கேட்ட பிறகு லோரியை நிறுத்தி அரைமணி நேரம் சொன்னார். கேட்டால்தான் கிடைக்கும் விஷயங்கள் இந்தப் பயணத்தில் நிறைய.

வடக்கே ஏத்தோஷா தேசியப் பூங்கா. உள்ளே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் உப்புத் தரை. வெள்ளையாக, தொடுவானம் வரை. ஒக்காகுயேயோ முகாமில் வேலிக்கு அப்பால் ஒரு குட்டை இருக்கிறது. இரவு முழுவதும் மங்கலான விளக்கு எரியும். நாம் தாழ்ந்த சுவருக்கு இந்தப் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று குட்டியுடன் வந்து தண்ணீர் குடித்தது. உறிஞ்சும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எந்த மாதம் போவது? மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். காட்டுக்குள் தண்ணீர் வற்றுவதால் விலங்குகள் குட்டைகளைத் தேடி வந்தே ஆக வேண்டும், நமக்குப் பார்ப்பது சுலபம். ஜூன், ஜூலையில் பாலைவன இரவு உறைநிலைக்கும் கீழே போகும், நல்ல உறக்கப் பை இல்லாமல் நம் ஊர் உடம்பு தாங்காது. டிசம்பர் பள்ளி விடுமுறை வசதிதான், ஆனால் அது அங்கே வெயிலும் மழையும் சேர்ந்த காலம். எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் சிதறிப் போயிருக்கும்.

போட்ஸ்வானா எல்லையில் எல்லாரும் இறங்கி, செருப்பையும் காலணியையும் மருந்துத் தண்ணீரில் மிதித்துவிட்டுப் போக வேண்டும். கால்நடைகளைத் தாக்கும் கோமாரி நோய்க்குப் பயந்து இந்த ஏற்பாடு. பச்சை இறைச்சி கொண்டு போனால் பறித்துவிடுவார்கள்.

உள்ளே ஒக்கவாங்கோ கழிமுகம். அங்கோலா மலைகளில் பெய்யும் மழை, மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, இங்கே மழையே இல்லாத காலத்தில் வெள்ளமாக வந்து சேர்கிறது. கடலைப் பார்க்காமலேயே கலஹாரி மணலில் முடிந்துவிடும் ஆறு இது. 2014இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் 1,000ஆவது இடமாகச் சேர்ந்தது. 'மொகோரோ' எனும் ஒடுங்கிய படகில் இருவர் உட்கார, உள்ளூர்க்காரர் பின்னால் நின்று நீண்ட கழியால் தள்ளுவார். முன்பு பெரிய மரத்தைக் குடைந்து செய்தார்கள். மரங்களைக் காக்க இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகு. பார்வைக்கு அழகு குறைந்தாலும் அது சரியான மாற்றம் என்பேன்.

அங்கே தங்கும் தீவில் வேலி கிடையாது, கழிப்பறையும் கிடையாது. ஒரு குழி, ஒரு மண்வெட்டி. சிங்கக் கேள்விக்கு இங்கேதான் பதில். இருட்டிய பிறகு தனியாக எங்கும் நடக்கக்கூடாது. கூடாரத்துக்குள் உணவு, பழம், எதுவும் வைக்கக்கூடாது. ஜிப்பை முழுவதும் மூடிக்கொண்டால், விலங்குகளுக்குக் கூடாரம் ஒரு பாறை மாதிரிதான். சிங்கத்தைவிட நீர்யானையிடம் கவனம் வேண்டும். இரவில் புல் மேயக் கரையேறும், அதற்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கக்கூடாது. இந்த விதிகளை மீறாதவர்களுக்கு ஆபத்து மிகவும் குறைவு. அதைவிடப் பெரிய ஆபத்து சாலை. உலகிலேயே சாலை விபத்து மரண விகிதம் அதிகமான வட்டாரம் ஆப்பிரிக்கா என உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே பதிவு செய்யுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எல்லா இருக்கையிலும் இடுப்புவார் உண்டா? இரவில் ஓட்டுவார்களா? இரவில் ஓட்டுகிற நிறுவனம் என்றால் வேறு நிறுவனம் பாருங்கள்.

இனி நான் முதலில் ஒதுக்கிவைத்த விஷயம். கொசு.

நமீபியாவின் வடக்கு, ஒக்கவாங்கோ, சோபே, விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பகுதி, இவையெல்லாம் மலேரியா உள்ள இடங்கள். மழைக்காலத்திலும் அது முடியும் சமயத்திலும் அதிகம். நாங்கள் போனது சரியாக அந்தச் சமயம். மூவரும் டாக்சிசைக்ளின் மாத்திரை வாங்கினோம். தினம் ஒன்று. அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஊர் திரும்பியதும் நண்பர் நிறுத்திவிட்டார். "வீட்டுக்கு வந்தாச்சு, இங்கே ஏதய்யா மலேரியா?" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. அது என் தவறு.

பதினோராம் நாள் அவருக்குக் காய்ச்சல். வீட்டருகே ஒரு கிளினிக்குக்குப் போனார். இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. நம் ஊரில் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் சேர்ந்தால் டெங்கி என்றுதான் முதலில் தோன்றும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். எங்கே போய் வந்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பிதற்ற ஆரம்பித்தார். மருத்துவமனையில் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஃபால்சிபாரம் மலேரியா. ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படுவதும், விரைவில் உயிரைப் பறிப்பதும் இந்த வகைதான். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் இருந்தார். அவர் மகள் வராந்தாவில் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க மாத்திரையை முடிச்சீங்களா?" என்று கேட்டாள். முடித்தேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மாத்திரையை ஏன் தொடர வேண்டும்? கொசு கடித்ததும் கிருமி நேரே இரத்தத்தில் தங்குவதில்லை. முதலில் ஈரலுக்குள் போய் ஒரு வாரமோ அதற்கு மேலோ பெருகும். பிறகுதான் இரத்தத்துக்கு வரும். டாக்சிசைக்ளின் முக்கியமாக இரத்தத்தில்தான் வேலை செய்கிறது. ஆகவே கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி வெளியே வரும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். வேறு சில மருந்துகளுக்கு, திரும்பிய பிறகு ஏழு நாள் போதும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: டெங்கிக் கொசு பகலில் கடிக்கும், நாம் அதற்குப் பழகியவர்கள். மலேரியாக் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும் நேரம் அதுதான். நீண்ட கை சட்டை, காலுறை, மருந்துப் பூச்சு, மூன்றும் அப்போதே வேண்டும்.

மலேசியாவில் மனிதருக்கு மனிதர் பரவும் மலேரியா 2018 முதல் உள்ளூரில் பதிவாகவில்லை, குரங்கிலிருந்து வரும் வகைதான் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் அதனாலேயே நகரத்துக் கிளினிக்கில் அது சட்டென்று நினைவுக்கு வராது. திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், வாயைத் திறந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியா பரிசோதனை செய்யுங்கள்."

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேட்கிறார்கள். அந்நோய் உள்ள நாட்டில் விமானம் மாற 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். நைரோபி, அடிஸ் அபாபா வழி போகிறவர்கள் கவனியுங்கள். 2016 முதல் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

மீதிப் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோபே ஆற்றங்கரையில் யானைகளை எண்ணுவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். போட்ஸ்வானாவில் சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் யானைகள். நமக்கு அழகு. அங்குள்ள விவசாயிக்கு ஒரே இரவில் சோளக்கொல்லை போய்விடும். வேட்டைப் பொருள் இறக்குமதியை இறுக்குவது பற்றி ஜெர்மனி பேசியபோது, "20,000 யானைகளை உங்களுக்கு அனுப்புகிறேன், வளர்த்துப் பாருங்கள்" என்ற பொருளில் 2024இல் அப்போதைய அதிபர் மாசிசி சொன்னார். சிரிப்பாக இருந்தாலும் அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. கசுங்குலாவில் நாங்கள் மிதவைப் படகில் ஸம்பேசி ஆற்றைக் கடந்தோம். 2021 முதல் அங்கே பாலம் இருக்கிறது. நீர்வீழ்ச்சி 1,708 மீட்டர் அகலம். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் நிறைந்து, சாரல் மறைத்து, விழும் நீரையே பார்க்க முடியாது. தொப்பலாக நனைந்தோம். அக்டோபர், நவம்பரில் ஸாம்பியா பக்கம் ஏறக்குறைய வற்றிவிடும்.

நம் வயதில் முடியுமா என்று ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்டார். வயது வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். என் மனைவிக்கு அப்போது 58. தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடிந்தால், நீங்களும் போகலாம். முடியாவிட்டால் இதே பாதையில் கூடாரத்துக்குப் பதில் அறையில் தங்கும் பயணங்கள் உண்டு, விலை கூடும். நண்பர் இப்போது நலம். வறண்ட காலத்தில் இன்னொரு முறை போகலாம் என்கிறார். போவதென்றால் மாத்திரை டப்பா என் கையில்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.