ஜேம்ஸ் பேரி எந்த அணி?

மார்ச் 8 மகளிர் தினம் வந்தால், சமூக ஊடகப் பதிவுகளில் 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் ஜேம்ஸ் பேரி ‘பிரிட்டனின் முதல் பெண் டாக்டர்’. ஜூன், அதாவது ப்ரைட் மாதம், பிறந்தால் அதே ஆள், அதே படம், ‘திருநம்பிகளின் முன்னோடி’. இரண்டு பதிவுகளுக்கும் கீழே கமெண்டில் ஒரே சண்டை. இரு தரப்பும் இழுத்து வரும் சாட்சியும் ஒன்றே. 1865 ஜூலையில் லண்டனில் பேரி இறந்ததும் உடலைச் சுத்தம் செய்த சோஃபியா பிஷப் என்ற பணிப்பெண், ‘இவர் பெண்’ என்று சொன்ன கதை அது. இறப்புச் சான்றில் ‘ஆண்’ என்று எழுதிய ராணுவ டாக்டரிடம் போய், ரகசியத்தைக் காக்க அந்தப் பணிப்பெண் காசு எதிர்பார்த்ததாக அந்த டாக்டரே எழுதியிருக்கிறார். பகிர்பவர்கள் அதை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். அதைவிட உறுதியான சான்று ஒரு கடித உறையில் இருக்கிறது. 1809 டிசம்பரில் பேரி என்ற பெயரில் வந்த கடிதத்தின் மேல், குடும்ப வக்கீல் ‘மிஸ் பல்க்லி’ என்று குறித்து வைத்தார். அயர்லாந்தின் கார்க் நகரத்து மார்கரெட் பல்க்லிதான் பேரியாக எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கப் போனவர் என்பதற்கு அது போதும். ஆனால் அது பிறப்பைப் பற்றியே பேசுகிறது. மனதைப் பற்றி அல்ல.

பெண்களுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு மூடியிருந்ததால் போட்ட வேஷம் என்பார்கள். 1812இல் பட்டம் வாங்கும் வரை அந்த விளக்கம் சரி. வெனிசுவேலாவுக்குப் போய்ப் பெண்ணாகவே வைத்தியம் பார்க்கத் திட்டமிருந்தது, அவருக்கு ஆதரவாக இருந்த வெனிசுவேலா புரட்சித் தலைவர் ஜெனரல் மிராண்டா கைதானதும் அது கலைந்தது என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். இருக்கட்டும். பிறகு 1813 முதல் 1859 வரை 46 ஆண்டு ராணுவ வாழ்க்கை. ஓய்வு பெற்றபின் இன்னும் 6 ஆண்டு. பரீட்சையும் இல்லை, பாசறையும் இல்லை, அப்போதும் அவர் டாக்டர் பேரிதான். செத்தபின் உடுப்பைக் களையாமல் புதைக்கச் சொன்னதாகவும் கேள்வி. ஓய்வூதியமும் மானமும் போய்விடும் என்ற பயம் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு வரிகூடச் சான்று இல்லை. வாழ்ந்த அரை நூற்றாண்டுக்குச் சான்று இருக்கிறது. ‘திருநம்பி’ இன்றைய சொல், அன்றைய ஆளுக்கு மாட்டலாமா என்ற கேள்வி நியாயம்தான். ‘ஆண் வேடமிட்ட பெண்’ என்பதும் நாம் மாட்டிய அட்டைதானே.

என் கவலை வேறு. கேப் டவுனில் சுத்தமான குடிநீருக்காகவும், கைதிகளுக்காகவும், தொழுநோயாளிகளுக்காகவும் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்ற பேரி எந்தப் பதிவிலும் வருவதில்லை. 1826இல் அங்கே அவர் செய்த சிசேரியனில் தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. அந்தக் குழந்தைக்கு வைத்த பேரியின் பெயர், பின்னாளில் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஹெர்ட்ஸாக் வரை வந்து சேர்ந்தது. அதைச் சொன்னாலும் ‘ஒரு பெண் செய்தது’, ‘ஒரு திருநம்பி செய்தது’ என்ற அடைமொழியோடுதான் சொல்கிறார்கள். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் 20 ஆண்டு இருந்த காலத்தில், வலியோடு கிடந்த ஒருத்தியின் வயிற்றைத் திறந்து இரண்டு உயிரையும் எப்படிக் காப்பாற்றினார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.