சிகிச்சை முடிந்த பின்னும்

சென்னை அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியதும், "இனி மருத்துவர் எதற்கு?" என எண்ணிவிடுகிறோம். ஜேடர்பாளையம் போன்ற சிற்றூரில் வாழும் நமக்குப் பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் பெரிதுதான். ஆயினும், நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளிலேயே மீளும். ஆகவே முதலாண்டில் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் சற்று இடைவெளி விட்டு 5 ஆண்டுகள் வரையும், அதன்பின் ஆண்டுதோறும் சோதனை அவசியம்.

கழுத்தில் கதிர்வீச்சுப் பெற்றோருக்குத் தைராய்டு சுரப்பி மெல்லத் தளரக்கூடும். 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். உமிழ்நீர் குறைவதால் பற்கள் எளிதில் சொத்தையாகும். கதிர்வீச்சுப் பெற்றதைச் சொல்லாமல் பல்லைப் பிடுங்கிக்கொண்டால் தாடையெலும்பு ஆறாமற் போகலாம்.

குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டவர் கழுத்துத் துளை வழியே மூச்சு விடுகிறார். நம் காவிரிப் படுகை அணையில் இறங்கிக் குளிப்பது அவருக்கு உயிராபத்து. தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் புகும். குரல் போயிற்றென்று அவரைக் குடும்பப் பேச்சிலிருந்து ஒதுக்குவதும் தகாது.

புகையிலையும் மதுவும் மீண்டும் வீட்டுக்குள் வரலாகாது. கழுத்தில் புதிய கட்டி, விழுங்குகையில் வலி, குரல் கம்மல், இரத்தக் கசிவு கண்டால் குறித்த நாள்வரை காத்திராமல் மருத்துவரை அணுகுவோம்.

பிப்ரவரி 3-ஆம் நாள் புனித பிளாசியார் திருநாளில் தொண்டைக்கு ஆசி பெறும் நாம், மருத்துவர் குறித்த நாளையும் நாட்காட்டியில் குறித்து வைப்போமாக.