லாபம் வந்தது, கல்லாவுக்கு வரவில்லை!

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்த லேத் பட்டறைக்குள் நுழைந்தால் பேசுவது காதில் விழாது. 6 மெஷின்கள். 9 ஆட்கள். ஆர்டருக்குக் குறைவில்லை. ராத்திரி ஷிப்டும் ஓடுகிறது. ஆனாலும் சனிக்கிழமை சம்பளம் போட முதலாளி கைமாற்றுக்கு அலைகிறார்!

"லாபம் இருக்கு சார். பில் புஸ்தகத்துல இருக்கு. கையிலதான் இல்லே" என்றார்.

நாலு மாச பாக்கி

1 லட்சம் ரூபாய்க்கு மெஷின் பாகம் செய்து கொடுக்கிறார். இரும்பு, கூலி, கரண்ட் எல்லாம் போக 8 ஆயிரம் மிச்சம். ஜி.எஸ்.டி. 18 ஆயிரம். வாங்கிய கம்பெனி காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வரியை அடுத்த மாதம் 20-ந் தேதிக்குள் கட்டியாக வேண்டும். இரும்புக் கடையில் கடன் இல்லை. ஆக, அவர் கையை விட்டுப் போனது 1 லட்சத்து 10 ஆயிரம்.

பணம் வர 4 மாதம். நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றாலே 4,400 ரூபாய் போய்விட்டது. 8 ஆயிரம் லாபத்தில் மிஞ்சியது 3,600! கந்து வட்டி என்றால் அதுவும் அம்போ.

மின் கட்டணம் 2022-ல் ஏறியது. ஆள் கிடைப்பதும் கஷ்டம். "அதையெல்லாம் சமாளிச்சிடலாம், பாக்கிதான் ஆளை சாய்க்குது" என்கிறார்.

சட்டம் இருக்கிறது

2006-ம் ஆண்டு சட்டப்படி குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்'டைப்போல் 3 மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி! 'உத்யம்' பதிவு முன்பே இருந்தால் வம்பில்லை. (வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இந்த சலுகை கிடையாது. அவர்கள் கடன் நோட்டைத்தான் நம்ப வேண்டும்.)

2023-ல் வருமான வரி சட்டத்திலும் ஒரு பிடி போட்டார்கள். கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும் வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. அதனால் மார்ச் மாதக் கடைசியில் மட்டும் கொஞ்சம் செக் வருகிறதாம்.

"கவுன்சில்ல புகார் கொடுக்கலாமே?" என்று கேட்டோம்.

கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டார். "வட்டி வரும் சார். அடுத்த ஆர்டர் வருமா? இருக்கிறதே அந்த ஒரு கம்பெனி!"

வாசல் வரை வந்தவர் மெதுவாகச் சொன்னார்: "பேப்பர்ல எம் பேரை மட்டும் போட்டுடாதீங்க."