டூல் ரூமில் பிறந்த கம்பெனி

காவேரிப்பட்டினத்தைச் சுற்றியுள்ள மாம்பழக் கூழ் ஆலைகளில் சீசனுக்குத்தான் வேலை. படித்த பிள்ளைகள் கண் வைப்பதெல்லாம் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூர்மேல்தான். அங்கே சம்பளம் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு தொழிலாளியின் யோசனையிலிருந்து புதுத் தொழிலே பிறக்கவும் அங்கே இடமுண்டா என்று யாரும் கேட்பதில்லை. இடமிருந்தது என்பதற்கு டைட்டன் சாட்சி.

டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய கடிகார நிறுவனம் அது. ஓசூர் ஆலைக்கு அனுபவசாலிகளை மட்டும் தேடாமல், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டை விட்டு வந்த அந்தப் பிள்ளைகளை ஓசூர்க் குடும்பங்களோடு தங்கவைத்தார்கள். என் பார்வையில், நிர்வாக இயக்குநர் செர்க்ஸஸ் தேசாய் காலத்தின் மிகப் பெரிய முதலீடு அதுதான். அப்படி வேரூன்றிய ஆட்கள் நிலைத்தார்கள், கை பழகியது. மொத்தக் கனமே 3.5 மில்லிமீட்டர் கொண்ட ‘எட்ஜ்’ கடிகாரம் 2002இல் வெளிவந்தது. அதன் உள்ளே ஓடும் இயந்திரத்தின் கனம் வெறும் 1.15 மில்லிமீட்டர்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். கடிகாரத்துக்கான அச்சுகளையும் அசெம்பிளி எந்திரங்களையும் உள்ளேயே செய்து பழகிய டூல் ரூமின் திறமையை வெளிக் கம்பெனிகளுக்கு விற்க ஒரு தனிப் பிரிவு உருவானது. 2017 முதல் அது ‘டைட்டன் இன்ஜினியரிங் அண்ட் ஆட்டோமேஷன்’ என்ற துணை நிறுவனம். விமானத் துறைக்குப் பாகங்களும், மற்ற ஆலைகளுக்குத் தானியங்கி லைன்களும் செய்கிறது.

இப்படி ஒன்று பிறக்க எச்.ஆர். துறை என்ன செய்ய வேண்டும்? யோசனைப் பெட்டி மாட்டினால் போதாது. நல்ல டூல் மேக்கரைப் புது முயற்சிக்கு அனுப்பச் சூப்பர்வைசருக்கு மனம் வராது. மாத உற்பத்தி குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. ஆகவே ஆளை விடுவிக்கும் அதிகாரம் எச்.ஆரிடம் இருக்க வேண்டும். முயற்சி தோற்றால் பழைய வேலையும் சீனியாரிட்டியும் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் தர வேண்டும். முயற்சிக் காலத்து இன்கிரிமென்ட்டை உற்பத்திக் கணக்கில் அளக்கக் கூடாது. டாடா குழுமம் 2006இல் தொடங்கிய ‘இன்னோவிஸ்டா’ போட்டியில், துணிந்து தோற்ற முயற்சிகளுக்கென்றே ஒரு பரிசுப் பிரிவு உண்டு. அமெரிக்காவின் 3எம் கம்பெனியில் 1968இல் கிடைத்த சரியாக ஒட்டாத பசை, ‘போஸ்ட்-இட்’ தாளாகக் கடைக்குப் பரவலாக வந்தது 1980இல். வருடாந்திர மதிப்பீட்டில் அந்தப் பசை முதல் வருடமே தோற்றிருக்கும்.

தொழிலாளியிடமிருந்து புதுத் தொழில் பிறப்பது ஆலைக்கு வெளியேயும் நடந்தது. 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு, ஓசூர் சுற்றுவட்டாரப் பெண்கள் சுயஉதவிக் குழுக்களாகச் சேர்ந்து டைட்டனுக்குக் கடிகாரப் பட்டை கோக்கத் தொடங்கினார்கள். பிறகு அவர்களே பங்குதாரர்களாக ‘மெடோ’ என்ற கம்பெனியை நடத்தினார்கள். கூலிக்குச் செய்த வேலை சொந்தத் தொழிலானது.

இன்று மின் ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளி வரை வந்துவிட்டது. ஓசூர் அருகே மின்னணு ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பெருமைதான். ஆனால் இந்தப் பகுதியில் லைனில் நிற்கும் பலர் காண்ட்ராக்ட் அல்லது அப்ரெண்டிஸ். அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாதவர் எந்திரத்தின் குறையைக் கண்டாலும் வாயைத் திறக்க மாட்டார். சொன்னால் அவருக்கு என்ன லாபம்? புதுமை வேண்டும் என்று மேடையில் பேசிவிட்டு ஆளை ஒப்பந்தத்தில் எடுப்பது அடிப்படையிலேயே முரண்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து எச்.ஆர். அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்பந்தத் தொழிலாளியின் யோசனையையும் அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்; அது பயன்பட்டால் பணத்தில் பங்கு கொடுங்கள்; அவரை நிரந்தரமாக்குங்கள்.